சுத்தமான சோறு, மெலிந்த எலும்பு: ஒரு நாய்க்குட்டியின் உணவுக் கணக்கு

நாயின் பெயர் செவலை. ஆண், கலப்பினம், வயது ஐந்து மாதம், எடை 9 கிலோ. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் உள்ள என் கால்நடைச் சிகிச்சையகத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை அதைப் பழைய குளியல் துண்டில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். பிறையில் குடியிருக்கும் குடும்பம்: பாட்டி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் மகன், மருமகள், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பேத்தி. நால்வருமே வந்திருந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

பத்து நாளாகச் செவலை வாசற்படி ஏறவில்லை. மூன்று நாளாக இடது பின்னங்காலை ஊன்றவில்லை. இரவில் புரண்டு படுக்கும்போது கத்துகிறது. மலம் கழிக்கக் குந்துவதற்கே சிரமப்படுகிறது. மோட்டார் சைக்கிள் ஏதோ இடித்திருக்க வேண்டும் என்று மகன் நினைத்தார். பக்கத்துத் தெருப் பையன்கள் கல்லெறிந்திருப்பார்கள் என்றாள் பேத்தி. பாட்டி எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரமாக நல்லெண்ணெயைச் சூடாக்கிக் காலில் தடவி வந்திருக்கிறார். துண்டில் அந்த வாசனை இருந்தது.

மேசையில் நிறுத்தியபோது மூன்று காலில் நின்றது. முன்னங்கால் விரல்கள் விரிந்து, மணிக்கட்டுப் பகுதி தரையை நோக்கித் தணிந்திருந்தது. உடம்பில் காயம் இல்லை, சிராய்ப்பு இல்லை. மெலிவும் இல்லை. ஈறு இளஞ்சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தன. ரோமத்தில் மட்டும் பளபளப்புக் குறைவு. இடது தொடையைத் தொடுவதற்கு முன்பே உடலை இழுத்துக்கொண்டது. மற்ற மூன்று கால்களின் நீள எலும்புகளை மெல்ல அழுத்தியபோதும் முகத்தைத் திருப்பி என் கையை நக்கியது. வலிக்கிறது, விட்டுவிடு என்று நாய் கெஞ்சும் விதம் அது. அடிபட்ட நாய்க்கு அடிபட்ட இடத்தில்தான் வலிக்கும். நான்கு கால்களிலும் வலித்தால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தோம். வளரும் நாயின் எலும்பு படத்தில் வெள்ளையாகத் துலங்கும், சுற்றியுள்ள சதை சாம்பலாகத் தெரியும். செவலையின் படத்தில் இரண்டுக்கும் இடையே நிற வித்தியாசம் மிகக் குறைவு. எலும்பின் கெட்டியான புறச்சுவர் பென்சிலால் இழுத்த கோடு போல் மெலிந்திருந்தது. இடது தொடை எலும்பு நடுவில், பச்சை மூங்கில் ஒடியாமல் மடங்குவது போல, ஒரு பக்கம் மடிந்து முறிந்திருந்தது. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் அகலாமல் இயல்பாகவே இருந்ததால், கணை நோய் (ரிக்கெட்ஸ்) என்று முதலில் வந்த எண்ணத்தை ஒதுக்கினேன். இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் இயல்பாக இருந்தன. ஆகவே சிறுநீரகக் கோளாறு எலும்பைக் கரைக்கவில்லை. இரத்தக் கால்சியம் இயல்பு நிலையின் கீழ் விளிம்பில் நின்றது. மோட்டார் சைக்கிளும் வேண்டியிருக்கவில்லை, கல்லும் வேண்டியிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து குதித்ததே இந்த எலும்பை மடக்கப் போதும்.

தூக்குச்சட்டி

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். பாட்டி பையிலிருந்து ஒரு சிறிய எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இங்கே நேரமாகிவிட்டால் பசிக்குமே என்று கையோடு கொண்டுவந்தேன் தம்பி. நீங்களே பாருங்கள், உப்புகூடப் போடுவதில்லை."

திறந்தேன். குழைய வெந்த வெள்ளைச் சோறு. தோலையும் கொழுப்பையும் நீக்கி, நார் நாராகப் பிய்த்த கோழி நெஞ்சுக்கறி. பொடியாக நறுக்கி அவித்த காரட். எலும்பு ஒரு துணுக்கும் இல்லை. ஒவ்வொரு வேளையும் விரலால் பிசைந்து பார்த்த பிறகுதான் மூடுவாராம். வெங்காயம், பூண்டு, மசாலா, எண்ணெய் எதுவும் இல்லை. என் சிகிச்சையகத்துக்கு வந்த வீட்டு உணவுகளிலேயே இவ்வளவு சுத்தமானதை நான் பார்த்தது அரிது.

மருந்து நிறுக்கும் மின்தராசில் மூன்றையும் தனித்தனியே வைத்தேன். சோறு 98 கிராம், கறி 67 கிராம், காரட் 14 கிராம். நாளுக்கு மூன்று வேளை இதே அளவு. ஆக ஒரு நாளைக்குச் சோறு ஏறத்தாழ 300 கிராம், கறி 200, காரட் 40.

கலோரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஓய்வில் இருக்கும் நாயின் அடிப்படைத் தேவையை, எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70 ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறோம். 9 கிலோவுக்கு அது சுமார் 364 கலோரி. நான்கு மாதத்தைக் கடந்து வளரும் குட்டிக்கு அதைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 730. பாட்டி தராசே இல்லாமல், கைப்பழக்கத்தில் போட்டு வந்தது கிட்டத்தட்ட அதே 730. புரதமும் ஏறத்தாழ 70 கிராம். வளரும் குட்டிக்கு அந்தக் கலோரிக்குத் தேவையான 41 கிராமைவிட மிக அதிகம். அதனால்தான் செவலை மெலியவில்லை. அதனால்தான் ஐந்து மாதம் வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்து கால்சியம். 100 கிராம் வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 10 மில்லிகிராம். அதே அளவு வெந்த நெஞ்சுக்கறியில் சுமார் 15. காரட்டில் 30. கூட்டினால் நாளுக்கு 70 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டுகிறது. செவலைக்குத் தேவை, 1,000 கலோரிக்கு 3 கிராம் என்ற கணக்கில், நாளுக்கு ஏறத்தாழ 2,200 மில்லிகிராம். முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. அதே உணவில் பாஸ்பரஸ் சுமார் 600 மில்லிகிராம். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இங்கே பாஸ்பரஸ் எட்டு மடங்கு.

எலும்பு நீக்கிய இறைச்சி எதுவானாலும் கதை இதுதான். சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் துளி. கால்சியம் இருப்பது எலும்பில்.

இரத்தத்தில் கால்சியம் ஒரு குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும். இதயத் துடிப்பும் நரம்புகளின் வேலையும் அதை நம்பியிருக்கின்றன. உணவிலிருந்து வராதபோது, கழுத்தில் தைராய்டை ஒட்டியுள்ள நான்கு சின்னஞ்சிறு பாராதைராய்டு சுரப்பிகள் கூடுதலாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ இயல்பாக வந்ததற்குக் காரணம் அதுவே. உடல் தன் கையிருப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தது. உணவுக் குறையால் வரும் துணை மிகைப் பாராதைராய்டு நிலை என்று இதற்குப் பெயர். பாராதைராய்டு சுரப்பின் அளவை நேரடியாகச் சோதிக்க மாதிரியை வெளியே அனுப்ப வேண்டும். குடும்பத்தின் செலவைக் கருதி அதைச் செய்யவில்லை. உணவு வரலாறு, எக்ஸ்ரே, பிறகு உணவை மாற்றியதும் கிடைத்த பலன், இந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செவலை இரண்டு மாதக் குட்டியாக முதல் தடுப்பூசிக்கு வந்ததும் என்னிடம்தான். அன்று என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதும், சோறும் கோழியும் என்று அவர்கள் சொன்னதும், "நல்லது, மசாலா வேண்டாம்" என்று நான் எழுதியதும் அட்டையில் அப்படியே இருக்கின்றன. நாய்க்கு எதைக் கொடுக்கக்கூடாது என்பது இன்று நம் வீடுகளில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும், வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். பாட்டி இத்தனையும் ஒப்பித்தார். அவர் தவிர்த்தவை எல்லாம் சரி. சேர்த்தே ஆக வேண்டியது எது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான்.

பாட்டியின் கேள்விகள்

அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில், அவருடைய அப்பா மூன்று நாய்கள் வளர்த்தாராம். "அதற்கெல்லாம் பழைய சோறுதான் தம்பி. ஒன்றுக்கும் கால் வளைந்ததில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேசப் பேசப் பதிலும் அவரிடமிருந்தே வந்தது. பழைய சோற்றோடு கருவாட்டுத் தலை போடுவார்கள். நெத்திலியை முழுசாகப் போடுவார்கள். ஆடு வெட்டினால் எலும்பு நாய்க்குத்தான். அவை பால்மரக் காட்டுக்குள் போய் எலி பிடித்துத் தின்னும். எலும்போடு சேர்ந்த உணவு ஏதோ ஒரு வழியில் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எலும்பால் தொண்டை அடைத்துச் செத்த நாய்களும் உண்டு. பிழைக்காத குட்டிகளை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நாம் ஊருக்குள் வந்து, வேலி போட்டு, எலும்பு ஆபத்து என்று அறிந்து அதை நீக்கினோம். அதோடு நாயின் கால்சியமும் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்பத் தவறிவிட்டோம்.

பால் கொடுத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று மருமகள் கேட்டார். பசும்பாலில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். குறைந்ததை ஈடுகட்ட நாளுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வேண்டும். 9 கிலோ குட்டிக்கு அவ்வளவு பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில்தான் முடியும். கேழ்வரகு? நம் தானியங்களில் கால்சியம் மிகுந்தது அதுதான், 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். செவலையின் பாதி உணவைக் கேழ்வரகாக மாற்றினாலும் சுமார் 400தான் வரும்; அதில் ஒரு பகுதியைத் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காலை வெயிலில் கட்டிப் போடுகிறேனே என்றார் பாட்டி. கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி தேவை, மனிதருக்கு அதை வெயில் தருகிறது. நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டியைப் போதிய அளவு உருவாக்காது. பினாங்கு வெயில் முழுவதும் அதன் முதுகில் விழுந்தாலும் வைட்டமின் டி உணவில்தான் வர வேண்டும்: கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, அல்லது தயாரிப்பு உணவில் சேர்த்த வைட்டமின். தோலும் கொழுப்பும் நீக்கிய நெஞ்சுக்கறியில் அது இல்லாததற்குச் சமம்.

கோழி முட்டை ஓடு ஒன்று ஐந்து, ஆறு கிராம் எடை இருக்கும். அதில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம். செவலைக்கு நாள்தோறும் பற்றாமல் போனது ஏறத்தாழ அந்த அளவுதான். பாட்டி வீட்டில் முட்டை ஓட்டை நொறுக்கிக் கறிவேப்பிலைச் செடியின் வேரில் போடுகிறார்கள். இதைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பின்னால் நினைத்தேன். முட்டை ஓட்டை மட்டும் சேர்த்தாலும் செவலைக்குப் போதியிருக்காது என்பதை உடனே விளக்கினேன். வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸும் நாளுக்கு 1,800 மில்லிகிராம் அளவில் வேண்டும். அந்தச் சோற்றில் 600தான். ஓட்டைச் சேர்த்தால் தராசு மறுபக்கம் சாய்ந்து கால்சியம் பாஸ்பரஸைப் போல் மூன்றரை மடங்கு ஆகியிருக்கும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் ஈ, கொழுப்பு அமிலங்கள் ஆகியவையும் அதில் குறைவு. ரோமம் மங்கியதற்கு அவற்றில் சில காரணமாக இருக்கலாம்.

பையின் பின்பக்கம்

அவர்கள் கடை உணவை விட்டதற்கும் காரணம் இருந்தது. குட்டி வந்த புதிதில் ஒரு கடையில் நாய்க்குட்டி உணவு வாங்கினார்கள். பெரிய சாக்கைப் பிரித்து, கண்ணாடிப் பையில் கிலோக் கணக்கில் கட்டி விற்கும் உணவு. பையில் பெயரில்லை, உட்பொருள் பட்டியலில்லை, காலாவதித் தேதியில்லை. குட்டிக்கு வயிறு போயிற்று. அதைவிடப் பெரிய மனக்கிலேசம், அதில் மாட்டிறைச்சி இருக்குமோ என்பது. மாட்டிறைச்சி நுழையாத வீடு அது. வெள்ளிக்கிழமை அடுப்பில் கவிச்சியே ஏறாது. மறுநாளே பையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு மாறினார்கள்.

இந்தத் தயக்கத்தைப் பினாங்கில் எத்தனையோ இந்துக் குடும்பங்களிடம் பார்க்கிறேன். அதை மூடத்தனம் என்று தள்ளுவது தவறு. அதற்கு விடை பட்டியலைப் படிப்பதில் இருக்கிறது. 'கோழி', 'கோழி மாவு', 'கடல்மீன் மாவு', 'ஆட்டிறைச்சி' என்று விலங்கின் பெயரோடு எழுதியிருந்தால் என்ன என்பது தெரியும். 'இறைச்சி மாவு', 'இறைச்சி எலும்பு மாவு', 'விலங்குக் கொழுப்பு' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்த விலங்கு என்று தெரியாது. மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் வீட்டார் அந்தப் பையை விட்டுவிடலாம். பிரித்துக் கட்டிய பையில் இதைப் படிக்கவே வழியில்லை. இந்த ஊர் ஈரப்பதத்தில் ஒருமுறை பிரித்த உலர் உணவின் கொழுப்பு சீக்கிரம் சிக்கெடுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். முத்திரை உடையாத சிறிய பையாக வாங்கி, பையோடு மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, ஒன்றரை மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

இரண்டாம் நாள் மகன் மட்டும் வந்தார். குற்ற உணர்ச்சி அவரைத் தூங்கவிடவில்லை. கடையில் உள்ளதிலேயே விலை உயர்ந்த உணவின் பையைப் படம் எடுத்து வந்திருந்தார். முன்பக்கத்தில் ஓநாய் படம், 'தானியம் இல்லாதது' என்ற பெரிய எழுத்து. அரிசிதான் செவலையைக் கெடுத்தது என்று அவர் எண்ணியிருந்தார். அரிசி குற்றவாளி அன்று. மனிதரோடு வாழத் தொடங்கிய பின் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிடப் பெருகியிருப்பதை 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வெந்த சோற்றை நாய் நன்றாகவே செரிக்கும். தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்து விசாரிக்கத் தொடங்கியது. அந்தத் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் தானியத்தை நீக்க நான் சொல்வதில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைத் தேடினோம். ஆஃப்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கமும், ஐரோப்பாவில் செல்லப்பிராணி உணவுத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பான ஃபெடியாஃபும், நாய் உணவில் எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று வகுத்திருக்கின்றன. ஆஃப்கோ எந்த உணவையும் தானே சோதித்து முத்திரை குத்துவதில்லை. அந்த அளவுகளுக்குப் பொருந்துகிறது என்று பையில் எழுதுவது தயாரிப்பாளர். அந்த ஒற்றை வரியைத்தான் பார்க்க வேண்டும். 'முழுமையான, சமநிலையான உணவு' என்று இருக்கிறதா, எந்தப் பருவத்துக்கு என்று இருக்கிறதா? மகன் காட்டிய பையில் முழு வளர்ச்சி பெற்ற நாய்க்கு என்று இருந்தது. வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்கு 1.25 கிராம் கால்சியம் போதும். குட்டிக்கு 3 வேண்டும். அத்தனை பணம் கொடுத்து வாங்கியும் செவலையின் எலும்புக்குப் பாதிகூடக் கிடைக்காமல் போயிருக்கலாம். இன்னும் சில டப்பாக்களில் 'இடையிடையே கொடுப்பதற்கு' என்று எழுதியிருக்கும். அது சிற்றுண்டி, சாப்பாடு அன்று.

புரதச் சதவீதத்தை வைத்து டின் உணவையும் உலர் உணவையும் ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. டின்னில் புரதம் 9 சதவீதம் என்றிருக்கும், உலர் பையில் 27 என்றிருக்கும். டின்னில் 78 பங்கு நீர். எஞ்சிய 22 பங்கில் 9 புரதம், அதாவது 41 சதவீதம். உலர் உணவில் 10 பங்கு ஈரம். எஞ்சிய 90இல் 27, அதாவது 30. நீரைக் கழித்த பிறகுதான் ஒப்பிட முடியும். பட்டியலில் முதலில் 'புதிய கோழி' என்று வருவதும் இதே விஷயம்தான். சமைக்கும் முன் நீரோடு நிறுத்த எடையில் வரிசைப்படுத்துகிறார்கள். பச்சைக் கறியில் பெரும்பகுதி நீர்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தது நடுத்தர விலையில், கோழியும் அரிசியும் கலந்த, வளர்ச்சிப் பருவத்துக்கு முழுமையானது என்று எழுதிய உணவு. கிலோவுக்கு 3,700 கலோரி. செவலைக்கு நாளுக்கு 195 கிராம், மூன்று வேளையாக 65 கிராம். எலும்பு பலவீனமாக இருக்கிறதே என்று கால்சியம் மாத்திரையையும் சேர்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சிறு குட்டியின் குடலுக்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. பெரிய உருவ இனங்களில் மிகைக் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். அதனால்தான் அந்த இனக் குட்டிகளின் உணவில் நீர் நீங்கிய எடையில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்று மேல் எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

ஆறு வாரம் ஓய்வு. மகன் மரச்சட்டத்தில் ஒரு கூண்டு அடித்தார், அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, வழுக்கும் தரையில் கால் வைக்கவே கூடாது. வலிக்கு அளவிட்டு மருந்து கொடுத்தேன். மனிதர் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இபுபுரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பத்தில் ஒரு பங்கு

பாட்டிக்கு மனம் ஆறவில்லை. "அப்படியானால் என் கையால் அதற்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாதா?" என்றார். கொடுக்கலாம், நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குவரை, என்றேன். முழுமையான உணவின் சமநிலை அதற்குள் கெடாது. செவலைக்கு அது 25 கிராம் சோறும் 20 கிராம் கறியும், ஒரு கைப்பிடி. அதற்கேற்ப உலர் உணவை 175 கிராமாகக் குறைத்தோம். "பத்தில் ஒரு பங்குதானா" என்று திரும்பக் கேட்டவர், பிறகு பேத்தியின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் உலர் உணவைத் தான் தொடுவதில்லை என்றும் பேத்தி பின்கட்டில் வைத்துவிடுவாள் என்றும் சொன்னார். அது அவர்கள் வீட்டு ஒழுங்கு. நாய்க்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வாரத்தில் இரவுக் கத்தல் நின்றது. மூன்றாம் வாரம் நான்கு காலிலும் நின்றது. ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்புச்சுவர் கண்ணுக்குத் தெரியும்படி தடித்திருந்தது, முறிவைச் சுற்றிப் புதிய எலும்பு கட்டியிருந்தது. ஓய்வும் வலி மருந்தும் போக, உணவைத் தவிர வேறெதையும் நாங்கள் மாற்றவில்லை. மூன்றாம் மாதம் எடை 13 கிலோ, ரோமம் மின்னியது.

பதினோரு மாத வயதில் வேறொரு தவறு. 16 கிலோவில் நிற்க வேண்டிய நாய் 17.8இல் வந்து நின்றது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. உலர் உணவின் அளவு சரியாகவே இருந்தது. மாலைத் தேநீரோடு மகன் இரண்டு, பேத்தி இரண்டு, பாட்டி இரண்டு என்று கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவர் கொடுப்பது தெரியாது. ஒன்று சுமார் 35 கலோரி, ஆறுக்கு 210. கருத்தடை செய்த 16 கிலோ நாயின் நாள் தேவை 900 என்றால் கிட்டத்தட்ட கால் பங்கு பிஸ்கட்டிலேயே போய்விட்டது. நிறுத்தினார்கள், இரண்டு மாதத்தில் இறங்கியது. தீபாவளிக்கு முன் ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி மட்டும் தனியாக எச்சரித்தேன். கொழுப்பு மிகுந்த ஒரே விருந்து கணையத்தை வீங்க வைத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக்கு மறுநாள் என் மேசையில் இப்படி ஒரு நாயாவது படுத்திருக்கிறது.

ஒரு வயது முடிந்ததும் மருமகள் கைத்தொலைபேசியில் ஒரு சமையல் குறிப்பைக் காட்டினார். வளர்ந்த நாய்க்கு வீட்டு உணவு கொடுக்க முடியும், அதை நான் விரும்பவும் செய்கிறேன். ஆனால் கண்ட குறிப்பை எடுத்தாள முடியாது. அமெரிக்காவில் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல் குறைந்திருந்தது. மருமகள் காட்டிய குறிப்பில் கோழி ஈரல் தினமும் 150 கிராம் இருந்தது. ஈரல் நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம். தினமும் மிகையாக நீண்ட காலம் கொடுத்தால் அதுவே எலும்பைப் பாதிக்கலாம்.

ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் அனுப்பிக் கணினியில் கணக்கிட்டு வாங்கினோம். சோறு, தோல் நீக்கிய தொடைக்கறி, பூசணி, முட்டை, வாரம் இருமுறை முள் நீக்கிய கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன், ஒரு கரண்டி எண்ணெய், நாய்களுக்கென்று தயாரித்த வைட்டமின் தாதுக் கலவை. அந்தக் கலவையில் கால்சியம் இல்லாததால் முட்டை ஓட்டுத் தூள் தனியாக. 900 கலோரிக்கு வளர்ந்த நாயின் தேவை 1.1 கிராம் கால்சியம், உணவில் வருவது போக 1 கிராம் சேர்க்க வேண்டும், தூளாக 2.6 கிராம், அரைத் தேக்கரண்டி. இது செவலைக்கு எழுதியது. வேறு எடையும் வேறு நோயும் உள்ள நாய்க்கு இதை அப்படியே எடுக்கக் கூடாது.

நாய் நன்றாக இருக்கிறதே என்று குடும்பத்தில் யாரும் ஒரு பொருளை விட்டுவிட்டோ மாற்றியோ போடக்கூடாது என்பதுதான் மிகக் கடினமான பாடம். கலவை தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வாங்கலாம் என்று விட்டால் மறுபடியும் வெறும் சோறும் கறியும்தான். சமைத்ததை இந்த ஊர் வெக்கையில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது. ஆறிய சோற்றில் கிருமி விரைவாகப் பெருகும். பாட்டி மூன்று நாளுக்குச் சமைத்து வேளைக்கு ஒரு டப்பாவாகக் குளிர்பெட்டியில் வைக்கிறார். முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைக்கிறார். முதல் தடவை கரகரவென்று அரைத்துக் கொண்டுவந்தார். துண்டு பெரிதாக இருந்தால் செரிக்காமல் வெளியே போய்விடும் என்று சொன்னதும் மெல்லிய துணியில் சலிக்கத் தொடங்கினார்.

இப்போது புதுக் குட்டியைக் கொண்டுவருகிறவர்களிடம் அன்றைய உணவை ஒரு டப்பாவில் எடுத்து வரச் சொல்கிறேன். தடுப்பூசி அட்டையில் 'சோறும் கோழியும்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். கிராம் கணக்கில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் செவலை தடுப்பூசிக்கு வந்தது. எடை 16.2 கிலோ. பாட்டி சமையலறைத் தராசு வாங்கியிருக்கிறார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதாமல் இப்போது தனி நோட்டு. தேதி, சோறு, கறி, மீன், 'ஓட்டுத்தூள் அரை' என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி. இடையில் ஒரு நாள் 'அரை' அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. பேத்தி முழுக் கரண்டி போட்டுவிட்டாளாம், மறுநாள் குறைத்தாராம். குறைக்கத் தேவையில்லை, ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்றேன். அவர் நம்பவில்லை. இடது தொடை எலும்பில் ஒரு சிறிய வளைவு நிலைத்துவிட்டது. நடையில் தெரியாது, படி இறங்கும்போது மட்டும் அந்தக் காலைச் சற்று வெளியே எடுத்து வைக்கிறது. சிகிச்சையகத்தின் இரண்டு படிகளையும் அப்படி இறங்கி, காருக்கு முன்னால் போய் நின்று பாட்டிக்காகக் காத்திருந்தது.